ஹெடர் மாத்தினா கார் பறக்குமா?

மதுரையிலிருந்து நெல்லைக்கு வரும் நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டானைத் தாண்டும்போது, கார் பிரியர்களுக்கு ஆக்ஸிலரேட்டரில் கால் தானாக அழுந்தும். ரோடு அப்படி! கூடவே நண்பனின் குரலும் ஞாபகம் வரும்: ‘லேய், ஹெடரை மட்டும் மாத்து... வண்டி பறக்கும்லே!’

பறக்குமா?

சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒரே குழாயில் சேர்ப்பதுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி மேனிஃபோல்டு குட்டையாக, இடத்துக்கு அடக்கமாக இருக்கும். அதனால் ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியை மறிக்கும். ஹெடரில் எல்லாக் குழாய்களும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகமே அடுத்ததன் புகையை இழுத்துவிடும். நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றானால் மிட் ரேஞ்சில் நல்ல இழுவை. நாலும் நேராக ஒன்றில் சேர்ந்தால் உச்ச ஆர்பிஎம்மில் பவர். இதுவரை நண்பன் சொன்னது புருடா இல்லை.

சிக்கல், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் இருக்கு. நச்சு வாயுக்களை மாற்றும் இந்தப் பெட்டி, கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாகட்டும் என்று, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 பெட்ரோல் கார்கள் பலவற்றில் அதை மேனிஃபோல்டோடு ஒட்டியே வைத்துவிட்டார்கள். மேனிஃபோல்டைக் கழற்றினால் கன்வெர்ட்டரும் கையோடு வந்துடும். ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினிலோ மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருக்கிறது. மாத்த ஒண்ணுமே இல்ல!

கன்வெர்ட்டர் போனதும் அதற்குப் பின்னாலிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்துவிடும். டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியும். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியே தெருவுக்கு வரும். டீசல் காரில் இஜிஆரை அடைப்பது இன்னும் வீண்வேலை. முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த வால்வு பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அப்புறம் எங்கிருந்து எக்ஸ்ட்ரா பவர்?

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சத்தமும் புகையும் அளவு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் வேறு இருக்கு, அதுங்க காதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

ஹெடர் ஆசை விடவே இல்லையா? இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குகளில் ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய காரைத் தயார் பண்ணலாம். தினமும் ஓட்டும் கார் இழுக்கலைன்னா, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் பிரஷர்... இந்த மூணையும் முதல்ல பாருங்க.