இரவுத் தங்கல் செல்லப்பிராணிப் பராமரிப்பு

இரவுத் தங்கல் செல்லப்பிராணிப் பராமரிப்பு என்பது, உரிமையாளர் வெளியூர் சென்றிருக்கும்போது பராமரிப்பாளர் ஒருவர் அவரது வீட்டிலேயே இரவு தங்கி, நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளைக் கவனித்துக்கொள்ளும் கட்டணச் சேவை ஆகும். விலங்கை வேறிடத்தில் கொண்டுசென்று விடும் விடுதிப் பராமரிப்பிலிருந்தும், பகலில் சிறிதுநேரம் வந்துசெல்லும் வருகைப் பராமரிப்பிலிருந்தும் இது வேறுபடுகின்றது. "ஓர் இரவு" என்பது எத்தனை மணிநேரம் என்பதை முன்கூட்டியே வரையறுப்பது இச்சேவையின் அடிப்படைத் தேவையாகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் செல்லப்பிராணிப் பராமரிப்பு தனித்தொழிலாக வளரத் தொடங்கியது. பட்டி மோரன் என்பவர் இத்தொழில் பற்றி எழுதிய கையேடு 1987 இல் வெளிவந்தது. 1994 இல் அவர் பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பை நிறுவினார். பராமரிப்பாளரையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் ரோவர் இணையத்தளம் 2011 இல் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்டது.

பணி நேரம்

வாடிக்கையாளர்களுள் சிலர், பராமரிப்பாளர் நாள் முழுவதும் வீட்டில் இருப்பார் என எதிர்பார்க்கின்றனர். பராமரிப்பாளரோ மாலையில் வந்து காலையில் செல்வதையே இரவுத் தங்கலாகக் கருதலாம். எனவே சேவை பொதுவாக இரண்டாகப் பிரித்துக் கூறப்படுகின்றது.

* இரவுத் தங்கல்: குறித்த மாலை நேரம் முதல் குறித்த காலை நேரம் வரை. எடுத்துக்காட்டாக, மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரையிலான 12 மணிநேரம்.
* முழுநேரத் தங்கல்: 24 மணிநேரமும் பராமரிப்பாளர் பொறுப்பில் இருப்பது. இதிலும் அவர் எவ்வளவு நேரம் வெளியே செல்லலாம் என்பது குறிப்பிடப்பட வேண்டும்.

விலங்கு தனித்திருக்கும் நேரம்

பணி நேரத்தைக் குறிப்பிடும்போதே, எஞ்சிய நேரத்தில் விலங்கு தனித்திருக்கும் என்பதும் தெளிவாகின்றது. நாயைத் தொடர்ச்சியாக 4 மணிநேரத்திற்கு மேல் தனியே விடலாகாது என்பது பிரித்தானியாவின் ஆர்.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நல அமைப்பின் அறிவுரை ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் காலை 7 முதல் மாலை 7 வரை நாய் தனித்திருக்கும். பகல் 1 மணிக்கு அரைமணிநேர வருகை ஒன்றைச் சேர்த்தாலும், தனிமை 6 மணிநேரமாகவும் 5½ மணிநேரமாகவும் பிரியுமேயன்றி 4 மணிநேரத்திற்குள் அடங்காது. முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இரு வருகைகள் அமைந்தால் அடங்கும்.

மருந்து நேரமும் இவ்வாறே கணிக்கப்பட வேண்டும். நீரிழிவு உள்ள நாய், பூனைகளுக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 12 மணிநேர இடைவெளியில் நாளொன்றுக்கு இருமுறை இன்சுலின் ஊசி போடப்படுகின்றது. இரவு 9 மணிக்கு வரும் பராமரிப்பாளரால் மாலை 6 மணி ஊசியைப் போட இயலாது. விலங்கு உண்ணாதபோது வழக்கமான அளவைக் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். ஆகையால் அந்நிலையில் செய்யவேண்டியதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிமையாளர் எழுதிக்கொடுப்பது அவசியம்.

ஒப்பந்தத்தில் இடம்பெறுபவை

* தொடங்கும், முடியும் நாளும் நேரமும். கூடுதல் மணிநேரத்துக்கான கட்டணம்
* உணவு, நடை, மருந்து ஆகியவற்றின் நேரங்கள்
* அவசர மருத்துவத்துக்கான எழுத்துமூல அனுமதியும் செலவு வரம்பும்
* வீட்டினுள் உள்ள கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகள் பற்றிய அறிவிப்பு
* பயணம் தாமதமானால் பின்பற்றவேண்டிய முறை

இவற்றுள் இறுதியானது எளிதில் விடுபடக்கூடியது. உரிமையாளரின் வானூர்தி தாமதமாகி, பராமரிப்பாளர் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிட்டால், விலங்கு உணவும் நீருமின்றி அடைபட நேரிடலாம். உரிமையாளர் வீடு சேர்ந்ததை உறுதிப்படுத்தும் வரை பணி முடிவதில்லை என்னும் விதி இதனைத் தவிர்க்கின்றது.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொழில் விதிகளின்படி, 24 மணிநேரத்துக்குக் குறைவான பணியில் உள்ள ஊழியர் இடையே உறங்க அனுமதிக்கப்பட்டாலும் அந்நேரம் வேலை நேரமே ஆகும். 24 மணிநேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பணியில், இரு தரப்பும் உடன்பட்டு, போதிய உறங்கும் வசதியும் இருப்பின், 8 மணிநேரம் வரையான உறக்கத்தைக் கழிக்கலாம். குறைந்தது 5 மணிநேரமாவது உறங்க இயலாவிடின் இரவு முழுவதும் வேலை நேரமாகக் கொள்ளப்படும். இவ்விதி ஊழியர்களுக்கே பொருந்தும். தற்சார்பாகத் தொழில் செய்வோருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வாடிக்கையாளருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமே பணி நேரத்தை வரையறுக்கின்றது.

இங்கிலாந்தில் 2018 ஆம் ஆண்டின் விதிகளின்படி, பிறரது நாய்களைத் தம் வீட்டில் தங்கவைத்துத் தொழில் செய்வோர் உள்ளூராட்சி மன்றத்திடம் உரிமம் பெறவேண்டும். உரிமையாளரின் வீட்டிலேயே தங்கிப் பராமரிப்போருக்கு இவ்வுரிமம் தேவையில்லை.