கண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல்காட்டில் கண்ணில் புரை விழுந்தால், 'வயசாயிருச்சு, அவ்வளவுதான்' என்று திண்ணையோடு முடங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். கண் மருத்துவத்தின் வரலாற்றை அந்தத் திண்ணையிலிருந்துதான் வாசிக்கணும் என்று நினைக்கிறேன்.

இதே கரிசலின் தெற்கே, அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட, கண் மருத்துவத்துக்கு வந்தார். 1976-இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஊரூராக முகாம் போட்டு, ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பயம் ஒரு காரணம். ஆனால் பஸ்ஸுக்குக் காசு, மதுரையில் சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி, இதெல்லாம் யார் தர்றது? அதற்கும் வழி செய்தார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிப்போய், சோறும் பாயும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கிராமத்துப் பெண்களையே எடுத்துச் செவிலியர் வேலைக்குப் பழக்கினார்கள். ஊர்ப்பேச்சில் 'அப்பத்தா' என்று கூப்பிடத் தெரிந்தவர்கள். 1992-இல் ஆரோலேப் வந்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்ததும் அதன் விலை பல மடங்கு இறங்கியது.

இலவசம் பாதிதான். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை யார் செலவு, அங்கே யார் பேச்சு என்பது மீதி. எந்தப் புது மருத்துவத் திட்டம் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த மீதியைத்தான்.