பழைய மின் கிட்டார்கள்: வரலாறும் சேகரிப்பு மதிப்பும்

பழைய மின் கிட்டார்கள் அல்லது 'விண்டேஜ்' கிட்டார்கள் என்பவை, பெரும்பாலும் 1930களுக்கும் 1960களின் நடுப்பகுதிக்கும் இடையில் அமெரிக்காவில் செய்யப்பட்டு, இன்று இசைக் கலைஞர்களாலும் சேகரிப்பாளர்களாலும் தேடி வாங்கப்படும் இசைக்கருவிகள் ஆகும். இவற்றுள் மிகுந்த விலை பெறுவனவற்றில் ஒன்று, 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் தயாரித்த 'லெஸ் பால் ஸ்டாண்டர்டு'. புதிதாக விற்கப்பட்டபோது அதன் விலை சுமார் 250 டாலர். வாங்குவோர் குறைந்ததால் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. இன்று அதே கிட்டார் சில லட்சம் டாலருக்குக் கைமாறுகிறது. கடையில் விலைபோகாத ஒரு பொருள் எவ்வாறு இத்தகைய மதிப்பைப் பெற்றது என்பதை அறிய, மின் கிட்டாரின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண வேண்டும்.

தோற்றம்

1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் டிரம்பெட், சாக்சபோன் போன்ற ஊதுகருவிகளின் முழக்கத்தில் கிட்டாரின் மெல்லிய ஒலி கேட்காமல் போயிற்று. இக்குறையைத் தீர்க்க ஜார்ஜ் போஷாம்ப் என்ற இசைக் கலைஞரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழிலதிபரும் இணைந்து முயன்றனர். 1931 இல் முதல் மாதிரி உருவானது. வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அதற்கு 'வாணலி' என்ற பொருள்படும் பட்டப்பெயர் ஏற்பட்டது. 1932 இல் விற்பனைக்கு வந்த இக்கருவிக்கு 1937 இல் காப்புரிமை கிடைத்தது.

இதன் அடிப்படை, பள்ளியில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டலே. காந்தத்தின் அருகில் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம், அருகிலுள்ள கம்பிச்சுருளில் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஆம்ப்ளிஃபையர் அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. காந்தமும் சுருளும் சேர்ந்த இவ்வமைப்பு 'பிக்கப்' எனப்படும்.

1936 இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ்.150 என்ற மின் கிட்டாரை வெளியிட்டது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதனை வாசித்து, கிட்டாரும் தனி ஆவர்த்தனம் செய்யத்தக்க கருவியே என்று காட்டினார். ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளீடற்ற உடல் கொண்ட கிட்டாரில் ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் ஒலியே பெட்டியை அதிரச் செய்து ஊளைச் சத்தத்தை எழுப்பும்.

திண்ம உடல் கிட்டார்கள்

இதற்குத் தீர்வு, உள்ளீடற்ற பெட்டிக்குப் பதிலாகக் கட்டை போன்ற திண்மமான உடலைப் பயன்படுத்துவது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். பலகையை வெட்டி, கழுத்தைத் திருகாணிகளால் பொருத்தும் எளிய முறையை அவர் கையாண்டார். பழுதானால் கழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 1950 இல் 'பிராட்காஸ்டர்' என்ற பெயரில் அவரது கிட்டார் வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறத்தாழ அதே பெயரைத் தன் முரசுகளுக்கு வைத்திருந்ததால் எதிர்ப்புத் தெரிவித்தது. எனவே 1951 இல் பெயர் 'டெலிகாஸ்டர்' என மாறியது. இடைப்பட்ட சில மாதங்களில் தலைப்பகுதியில் நிறுவனப் பெயர் மட்டும் இருக்க, கிட்டாரின் பெயர் இல்லாமலே கருவிகள் வெளிவந்தன. அப்பெயரில்லாக் கிட்டார்கள் இன்று பெரிதும் விரும்பப்படுகின்றன. 1954 இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன், 1952 இல் புகழ்பெற்ற கலைஞர் லெஸ் பால் பெயரில் தனது திண்ம உடல் கிட்டாரை வெளியிட்டது. அங்குப் பணியாற்றிய பொறியாளர் செத் லவர், மின் இரைச்சலை நீக்கும் இரட்டைச்சுருள் பிக்கப்பை உருவாக்கினார். 1957 முதல் இது லெஸ் பால் கிட்டார்களில் பொருத்தப்பட்டது. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற சிறு ஒட்டுச்சீட்டு அதன் அடியில் இருக்கும். அச்சீட்டுடன் கூடிய பிக்கப் தனியாகவே பல ஆயிரம் டாலருக்கு விற்கிறது.

தோல்வியும் மறுவாழ்வும்

1958 இல் லெஸ் பால் ஸ்டாண்டர்டுக்கு நடுவில் மஞ்சளும் விளிம்பில் சிவப்புமான 'சன்பர்ஸ்ட்' பூச்சு தரப்பட்டது. அப்போதும் விற்பனை உயரவில்லை. கருவி கனமாக இருந்தது. ஜாஸ் கலைஞர்கள் உள்ளீடற்ற கிட்டார்களையே விரும்பினர். இளைஞர் பலர் எடை குறைந்த ஃபெண்டர் பக்கம் சென்றனர். 1960 உடன் அது நின்றது. மூன்று ஆண்டுகளில் செய்யப்பட்டவை மொத்தம் இரண்டாயிரத்துக்கும் குறைவு.

1966 இல் ஜான் மேயாலின் குழுவில் இருந்த இளைஞர் எரிக் கிளாப்டன், இத்தகைய பழைய லெஸ் பால் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் ஒலியை மிகக் கூட்டி வாசித்து இசைத்தட்டில் பதிவு செய்தார். அதன் தடித்த, நீண்டு ஒலிக்கும் ஓசை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிட்டார் கலைஞர்களைக் கவர்ந்தது. கேட்டவர்கள் கடைக்குச் சென்றபோது அக்கிட்டார் உற்பத்தியில் இல்லை. 1968 இல் கிப்சன் லெஸ் பால் கிட்டாரை மீண்டும் செய்யத் தொடங்கியபோதும், சன்பர்ஸ்ட் வகை உடனே வரவில்லை. ஆகவே பழையவற்றுக்குப் போட்டி எழுந்தது.

ஃபெண்டரின் கதை வேறு. 1965 சனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதன்பின் உற்பத்தி பெருகியது, தரம் குறைந்தது என்று கலைஞர்கள் கருதினர். இதனால் 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது' என்ற அடையாளமே விலையை உயர்த்தும் சொல்லாயிற்று. இவ்வாறு பழைய கிட்டார்ச் சந்தை, ஏக்கத்தால் மட்டும் தோன்றவில்லை. கலைஞர்களுக்குத் தேவையான கருவி புதிதாகக் கிடைக்காததாலும் தோன்றியது.

மதிப்பை முடிவு செய்பவை

அசல் நிலை: உதிரிப் பாகங்களும் பூச்சும் தொடக்கத்தில் இருந்தவையாகவே இருக்க வேண்டும். மீண்டும் வண்ணம் பூசினால் விலை ஏறத்தாழ பாதியாகும் என்பது வணிகர் கணக்கு. கீறலும் தேய்மானமும் பெரிய குறையல்ல. சன்பர்ஸ்ட் பூச்சின் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துப் போன கிட்டார்களை விரும்பி வாங்குவோரும் உண்டு.

காலக் கணிப்பு: ஒலியளவைக் கட்டுப்படுத்தும் சிறு பாகத்தின் மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 137 6512 என இருந்தால், 137 என்பது அப்பாகத்தைச் செய்த நிறுவனம், 65 என்பது 1965 ஆம் ஆண்டு, 12 என்பது பன்னிரண்டாம் வாரம். அப்பாகம் அசலானால், கிட்டார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. புற ஊதா விளக்கொளியில் பழைய பூச்சு மங்கிய பசுமஞ்சளாக ஒளிரும். பின்னர் பூசப்பட்ட இடம் வேறாகத் தெரியும்.

அருமை: 1958, 1959 ஆண்டுகளில் கிப்சன் வெளியிட்ட அம்புத்தலை வடிவ 'ஃப்ளையிங் வி' கிட்டார்கள் சுமார் நூறுதான் அனுப்பப்பட்டன. அன்று கேலிக்குள்ளான வடிவம் இன்று எட்டாத விலையில் உள்ளது.

மரம்: 1960களின் நடுப்பகுதி வரை பல கிட்டார்களின் விரல்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட் பயன்பட்டது. காடழிவால் அம்மரம் அரிதாகி, 1992 இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்தது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட் கொண்ட பழைய கிட்டாரை நாடு விட்டு நாடு விற்க இன்றும் உரிய அனுமதி தேவை.

வாசித்தவர்: 2019 இல் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 39.75 லட்சம் டாலருக்கு விற்றது. அது பலமுறை மாற்றியமைக்கப்பட்ட கருவி. அசல் நிலை என்ற விதி, புகழ்பெற்ற கையின் முன் செல்லாது என்பதற்கு இது சான்று.

விலையின் மறுபக்கம்

உயர்ந்த விலை போலிகளைப் பெருக்கியுள்ளது. பழைய கருவி ஒன்றைப் பிரித்து, பாகம் பாகமாக விற்றால் அதிக இலாபம் என்று சிதைப்போரும் உள்ளனர். அவ்வாறு பிரிக்கப்பட்ட கிட்டார், கிழித்து எடுத்த பக்கங்கள் கொண்ட பழைய நூலைப் போன்றது. அதன் வரலாற்றை மீண்டும் வாசிக்க இயலாது. மேலும், ஒரு காலத்தில் எளிய இளைஞர் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிய கருவி, இன்று பெரும்பாலும் பாதுகாப்புப் பெட்டகத்தில் உறங்குகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 ஆம் ஆண்டு லெஸ் பால், இளைஞராக இருந்த கேரி மூரிடம் குறைந்த விலைக்குச் சென்றது. அவர் அதனைப் பல்லாண்டுகள் வாசித்தார். பின்னர் கைமாறி, 2014 இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமட்டிடம் வந்தது. விலை பல மடங்கு உயர்ந்த பின்னரும் அவர் அதனை மேடையில் வாசித்து வருகிறார். தொழிற்சாலை அக்கிட்டாருக்கு இட்ட விலை சுமார் 250 டாலர். எஞ்சிய மதிப்பு முழுவதும் வாசித்தவர்கள் சேர்த்தது.