நெல்லைத் தர்ம சங்கம்

பாலக்காட்டில் புறப்பட்டுக் கொல்லங்கோடு, பொள்ளாச்சி வழியாகத் திருச்செந்தூர் செல்லும் புகைவண்டி, பயணம் முடியுந் தறுவாயில் நாசரேத் என்னும் நிலையத்தில் நிற்கிறது. முருகப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் நம் சங்கத்துக் குடும்பத்தினர் பலர் அப்பெயர்ப் பலகையைக் கண்டிருப்பர். அப்பக்கத்தில் முதலூர், மெய்ஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், சுவிசேஷபுரம் என்று இன்னும் பல ஊர்கள் உள. இத்தகைய ஊர்களுட் பல, ஒதுங்க இடமற்ற ஏழைகளுக்கென விலைக்கு வாங்கிய நிலத்தில் எழுந்தவை. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

அந்நாளில் தேரிக்காட்டுப் பனையேறியின் வாழ்வு எத்தகையது? மரம் பிறருடையது, குடிசை நின்ற மனையும் பிறருடையது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரங்களைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குவான். பதநீர்ப் பருவமோ சில மாதங்களே. எஞ்சிய நாட்களில் கருப்பட்டியை ஈடு காட்டி வாங்கிய கடனே சோறு போட்டது. இத்தகையோர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியபோது நிலமுடையார் சிலர் வெகுண்டனர். ஜெபக்கூடங்கள் எரிந்தன; குடிகள் மனையை விட்டுத் துரத்தப்பட்டனர். படியரிசி கொடுத்தால் அன்றைய பசி தீரும். இரவு எங்கே படுப்பது?

இவ்வினாவுக்கு முதல் விடை கண்டவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார். எவரெட் என்ற ஆங்கிலேயக் காப்டனின் உதவியால் நிலம் வாங்கி, 1799ஆம் ஆண்டில் துரத்தப்பட்டோரைக் குடியேற்றினார். அதுவே முதலூர். பெயரே கதை சொல்கிறதன்றோ!

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ் இதனை ஒரு முறையாக்கினார். பிரஷிய நாட்டுப் பிரபுவாகிய டோனா அனுப்பிய பொருளைக் கொண்டு 1827இல் டோனாவூர் அமைந்தது. ஆயினும் கடல் கடந்த பிரபுக்களை எத்தனை நாள் நம்பியிருப்பது? 1830இல் அவர் தர்ம சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலம் வாங்குதல், வீடு கட்டுதல், ஜெபக்கூடமும் பள்ளியும் எழுப்புதல் ஆகியவை அதன் பணிகள். இனி வரி செலுத்தினால் போதும். வெளியேறு என்று சொல்வார் இல்லை. கணக்குப் பேரேடுகளோடு காலம் கழிக்கும் நமக்கு, பிச்சையைப் பட்டாவாக மாற்றிய அந்த யோசனையே பெரிதாகத் தோன்றுகிறது.

குறையும் உண்டு, மறைப்பது முறையன்று. கிறிஸ்தவ ஊர்களாகவே அமைந்தமையால், அதே வறுமையில் உழன்ற அயலார்க்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. மிராசுதாரர் இருந்த இடத்தில் பாதிரியார் அமர்ந்தார் என்று கூறுவாரும் உளர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

1835இல் ரேனியஸுக்கும் அவரை அனுப்பிய மிஷனுக்கும் பிணக்கு மூண்டது. அவர் விலக்கப்பட்டார், சபைகள் பிளவுண்டன. 1838இல் அவர் மறைந்தார். சங்கமோ மறையவில்லை, பிளவுண்டவரும் பின்னர் ஒன்றாயினர்.

1841இன் இறுதியில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் வேறொரு மிஷனைச் சார்ந்தவரே. எனினும் அவரும் நிலத்திலேயே தொடங்கினார். நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், மரங்கள் நடுவித்தார். அவர் மனைவியார் எலைசா, தம் தாயார் நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் பின்னலை அவ்வூர்ப் பெண்களுக்குப் பயிற்றினார். பனை ஓய்ந்த மாதங்களிலும் அவ்வீடுகளில் கூலி வந்தது.