தோல்வியுற்ற தளபதியும் கண்டிப் புரக்டரும்: ஒரு பாடசாலை பிறந்த வரலாறு

 



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் ஜும்ஆவுக்குப் பின்னர் சில வாப்பாமார் என்னை நாடி வருவதுண்டு. மகன் நன்றாகவே சித்தியடைந்திருப்பான். ஆயினும், “இனிப் படித்து என்ன ஆகப் போகிறது, மௌலவி? கடையில் நிற்கட்டும், அல்லது வெளிநாட்டுக்குப் போகட்டும்” என்பார்கள். வேறு சிலர், உலகக் கல்வி மேலோங்கினால் பிள்ளையின் மார்க்கப் பற்றுக் குன்றிவிடுமோ என அஞ்சுவார்கள். இவ்விரு பேச்சுகளும் நம் சமூகத்துக்குப் புதியனவல்ல. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவை பேசப்பட்டன. அவற்றுக்கு விடை கண்ட இரு பெரியார்களின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

1882 செப்டெம்பர் 13 ஆம் திகதி எகிப்தின் தல்லுல் கபீர் என்னுமிடத்தில் பிரித்தானியப் படையிடம் எகிப்தியப் படை தோல்வி கண்டது. அப்படைக்குத் தலைமை தாங்கியவர் அஹ்மத் ஒராபி பாஷா. கிராமமொன்றில் பிறந்து, அல் அஸ்ஹரில் சில காலம் ஓதி, பின்னர் இராணுவத்தில் உயர்ந்தவர் அவர். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரி 10 ஆம் திகதி, மேலும் ஆறு தலைவர்களுடன் அவர் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தார். அவ்வறுவருள் ஒருவர் எகிப்தின் பிரதமராக இருந்தவரும் புகழ்பெற்ற அரபுக் கவிஞருமான மஹ்மூத் ஸாமி அல் பாரூதி ஆவார்.

நாட்டையும் பதவியையும் இழந்து வந்த இம்மனிதரை அன்புடன் நாடிச் சென்றவர்களுள் ஒருவர் கண்டியைச் சேர்ந்த புரக்டர் முஹம்மத் காசிம் சித்திலெப்பை. 1838 இல் பிறந்த அவர், 1862 இல் புரக்டராகித் தொழிலில் நற்பெயர் ஈட்டியவர். தம் வருமானத்தைக் கொண்டு வசதியாக வாழ்ந்து மறைந்திருக்க அவரால் முடிந்திருக்கும். ஆனால் சமூகத்தின் நிலை அவரை உறங்கவிடவில்லை. 1882 இன் இறுதியில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். 1885 இல் தமிழின் ஆரம்பகால நாவல்களுள் ஒன்றான ‘அஸன்பே சரித்திரம்’ என்பதை எழுதி வெளியிட்டார். பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் கண்டியில் பாடசாலை அமைத்தார்.

அன்றைய நிலை என்ன? ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமாரின் கைகளில் இருந்தன. அங்கே பிள்ளையை அனுப்பினால் அவன் ஈமானை இழந்துவிடுவான் என்று நம் முன்னோர் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. பிள்ளையின் ஆகிரத்தைப் பற்றிய கவலையிலிருந்தே அது பிறந்தது. ஆனால் அச்சம் சரியாக இருந்த போதிலும் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு நமக்குப் பெரும் நட்டத்தைத் தந்தது. சட்டத்துறையிலும் மருத்துவத்திலும் அரச உத்தியோகத்திலும் ஏனைய சமூகத்தவர் முன்னேற, நாம் பின்தங்கினோம்.

சித்திலெப்பை அவர்கள் கண்ட விடை எளிமையானது: பிறர் பாடசாலையைக் கண்டு அஞ்சுவோமாயின், நமக்கென ஒரு பாடசாலையை நாமே அமைப்போம், அதில் குர்ஆனும் இருக்கட்டும், ஆங்கிலமும் கணிதமும் இருக்கட்டும். இவ்வெண்ணத்துடன் 1884 இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். சமூகத்தின் ஆதரவு போதாமையால் அது நிலைக்கவில்லை.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். நம்மில் எத்தனை பேர் முதல் முயற்சி முறிந்ததும் “இந்தச் சமூகம் திருந்தாது” என்று கையுதறிவிட்டுப் போகிறோம்? அவர் அவ்வாறு செய்யவில்லை. மீண்டும் ஊரூராகப் பேசினார், எழுதினார், தனவந்தர்களை நாடினார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியெழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் துணை நின்றார்கள். ஒராபி பாஷா தம் ஆதரவையும் செல்வாக்கையும் வழங்கினார். எட்டு ஆண்டுகளின் பின்னர், 1892 ஆகஸ்ட் 22 ஆம் திகதி, மருதானைப் பள்ளிவாசலை அண்டி ‘அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா’ மலர்ந்தது. அதுவே இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி.

ஒராபி பாஷாவின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அவருடைய நாடு அந்நியர் வசமாயிருந்தது. உடன் வந்தோருள் மூவர் இம்மண்ணிலேயே மௌத்தாகினர். அவர் தம் அறையில் அமர்ந்து விதியை நொந்துகொண்டே காலத்தைக் கழித்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் தாம் பிறந்திராத ஒரு நாட்டில், தமக்கு எந்த உறவுமற்ற பிள்ளைகளின் கல்விக்காக அவர் உழைத்தார். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1901 இல் தாயகம் திரும்பி, 1911 இல் கெய்ரோவில் காலமானார். போர்க்களத்தில் அவர் தோற்றார். மருதானையில் அவர் துணைநின்று நட்ட விதை இன்றும் நிழல் தருகிறது.

சித்திலெப்பை அவர்கள் ஸாஹிராவின் வளர்ச்சியைக் கண்குளிரக் காணவில்லை. 1898 இல் அவர் இறையடி சேர்ந்தார். அறுவடை பின்னரே வந்தது. 1921 முதல் 1948 வரை ரீ.பீ. ஜாயா அவர்கள் அதிபராக இருந்து கல்லூரியை நாடறியச் செய்தார்கள். அன்னார் 1960 இல் புனித மதீனாவில் மௌத்தாகி அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்குப் பின், இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1961 வரை அப்பணியைத் தொடர்ந்தார்கள். வறுமையினால் எந்த மாணவனின் படிப்பும் தடைப்படலாகாது என்பதற்காக 1945 இலேயே முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவியவரும் அவரே.

மார்க்கத்தின் பெயரால் இன்றும் தயங்குவோருக்கு ஒன்று கூறுவேன். பத்ர் போரில் சிறைப்பட்டோருள், பிணைத்தொகை செலுத்த வசதியற்று, எழுதத் தெரிந்திருந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்று வரை வாளேந்தி எதிர்த்தவர்கள். ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும் நபியவர்களே. ஈமானில் உறுதியுள்ள சமூகம் அறிவைக் கண்டு அஞ்சுவதில்லை.

பெற்றோர்களே, உங்கள் மகன் அல்லது மகள் உயர்தரம் படிக்க விரும்பினால், இரண்டு வருட வருமானத்தைக் கணக்கிட்டு அவ்வாசலை அடைத்துவிடாதீர்கள். தொழில் செய்வது இழிவன்று. வியாபாரம் நம் முன்னோரின் கண்ணியமான வழி. ஆனால் கற்கும் ஆற்றலுள்ள பிள்ளையைத் தடுப்பது வேறு. மார்க்கம் பற்றிய கவலை இருப்பின், வீட்டில் தொழுகையையும் குர்ஆனையும் உயிர்ப்பியுங்கள். அப்பொறுப்பைப் பாடசாலையின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்.

இளைஞர்களே, உங்கள் ஊரில் கட்டணம் செலுத்த வழியின்றி வகுப்பை விட்டு நின்ற ஒரு பிள்ளையேனும் இருக்கும். உங்களில் கணிதம் தெரிந்தவர் வாரத்தில் ஒரு மாலை அப்பிள்ளையுடன் அமரலாம். ஸாஹிராவும் ஒரு சிலரின் எண்ணத்திலிருந்தே தொடங்கியது.

வல்ல அல்லாஹ் அப்பெரியார்களின் பணியை ஸதகத்துல் ஜாரியாவாக ஏற்று, நம் பிள்ளைகளுக்கு ஈமானையும் பயனுள்ள அறிவையும் ஒருசேர வழங்குவானாக. ஆமீன்.