மருந்தும் பூச்சியும்

1960-ல் 'பேக்கேஜ் திட்டம்' தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்துச்சு. எங்க மாயவரமும் அப்ப அதுலதான். உரத்தோட மருந்தும் வந்தது. விஷத்துக்கு ஊர்ல மருந்துன்னுதான் பேரு! புகையானுக்கு அடிச்சா அதைத் தின்னும் சிலந்தியும் சாகும். புகையான் மறுபடி பெருகும்.

இதை உணர்ந்த இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989-ல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வலை மூடிய நெல்தூரில் புகையானையும் சிலந்தியையும் விட்டு, எத்தனை மிச்சம் என்று விவசாயிகளே எண்ணினார்கள்.

லீவுக்கு வர்ற பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் கொல்லையில அதே வேலைதான் கொடுக்கிறேன். அசுவினி அப்பிய அவரைக் கொழுந்தையும் ஒரு பொறிவண்டுப் புழுவையும் பாட்டில்ல போட்டு, வாயில் துணி கட்டணும். கறுப்பா, முள்ளுமுள்ளா இருக்கிற அந்தப் புழுவைப் பார்த்தா நசுக்கத்தான் கை போகும். விடாதீங்க. சாயங்காலம் அசுவினியை எண்ணச் சொல்லுங்க.