140 பைட்டின் விலை

1985-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியாளர் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் அடித்துத் தள்ளினார். அடித்து முடித்ததும் எழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் எண்ணினார். பெரும்பாலான வாக்கியங்கள் 160-க்குள் முடிந்துவிட்டன. அஞ்சலட்டைகளும் டெலெக்ஸ் செய்திகளும்கூட ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தன. ஐரோப்பா அப்போது ஜிஎஸ்எம் என்ற பொதுவான செல்போன் முறையை வகுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு செய்தியின் நீளம் இவ்வளவுதான் என்று முடிவானது.

நீளத்தை ஏன் சுருக்க வேண்டும்? செய்தி போகும் பாதை அப்படி. போனும் டவரும் பேச்சுக்கென்று ஒரு வழி வைத்திருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள இன்னொரு சிறிய வழியும் உண்டு. 'உனக்கு ஒரு கால் வருகிறது, மணி அடி' என்று டவர் போனுக்குச் சொல்வது அதில்தான். எஸ்எம்எஸ்ஸை ஏற்றிவிட்டதும் அதில்தான். ஊருக்குப் புறப்படும் பஸ்ஸில் டிரைவரிடம் ஒரு பார்சலைக் கொடுத்தனுப்புவது போல. பஸ் எப்படியும் போகிறது. பார்சல் சிறியதாக இருந்தால் போதும். அந்தப் பார்சலுக்குக் கிடைத்த இடம் 140 பைட். ஓர் எழுத்துக்கு ஏழு பிட் என்று வைத்தால் 160 எழுத்து கொள்ளும்.

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் கம்ப்யூட்டர் கீபோர்டில் கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தட்டி, வோடஃபோனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பினார். அதுதான் முதல் எஸ்எம்எஸ். போனிலிருந்து பதில் அனுப்ப ஜார்விஸுக்கு அப்போது வழியில்லை. இதைப் பெரிய வியாபாரம் என்று நிறுவனங்களும் அன்று நினைக்கவில்லை. வாய்ஸ்மெயில் வந்திருக்கிறது என்று சந்தாதாரருக்குச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

அது பணம் காய்க்கும் மரம் என்று தெரிந்த பிறகுதான் விலைக் கதை தொடங்குகிறது. அமெரிக்காவில் 2005-ல் ஒரு செய்திக்கு 10 சென்ட். 2008-ல் நான்கு பெரிய நிறுவனங்களிலும் அது 20 சென்ட். அனுப்பியவரிடம் மட்டுமல்ல, பெற்றவரிடமும் வாங்கினார்கள். மற்ற மின்னணுப் பொருள்களெல்லாம் மலிந்துகொண்டிருந்த நேரத்தில் இது மட்டும் ஏன் இரட்டித்தது என்று கேட்டு செனட்டர் ஹெர்ப் கோல் அந்த நான்கு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதினார். மறு ஆண்டு செனட் குழு முன் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் கேசவ் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு 0.3 சென்ட்டைத் தாண்டாது.

இந்தக் கணக்கை நம் ஊர் ரூபாயிலும் போடலாம். இந்தியாவில் பல ஆண்டுகள் நிலைத்திருந்த கட்டணம் உள்ளூருக்கு ஒரு ரூபாய், வெளிமாநிலத்துக்கு ஒன்றரை, வெளிநாட்டுக்கு ஐந்து. ஒரு எம்பியில் ஏறக்குறைய 7,490 எஸ்எம்எஸ் அடங்கும். அதாவது ஒரு எம்பிக்கு நாம் கொடுத்தது கிட்டத்தட்ட ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு நிறுவனத்தின் செய்தியை இன்னொரு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு எவ்வளவு வாங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் வரையறுத்தபோது வந்த தொகை இரண்டு பைசா.

தமிழில் அனுப்பியவர்கள் இதிலும் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஏழு பிட்டில் ஆங்கில எழுத்துதான் அடங்கும். தமிழுக்கு எழுத்துக்கு 16 பிட் வேண்டும். எனவே செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் 160 என்ற வரம்பு 70 ஆகிவிடும். அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'நாளை காலை வருகிறேன்' என்பதில் நமக்கு ஒன்பது எழுத்து, இரண்டு இடைவெளி. போன் எண்ணுவதோ 19: காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. இதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 23 இடம் ஆகும், ஆனால் 160-ல் 23. தமிழில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துபோகும் செய்தி ஆங்கில எழுத்தில் ஏழில் ஒரு பங்குதான். 70-ஐத் தாண்டினால் அது இரண்டு எஸ்எம்எஸ், இரண்டு ரூபாய். அன்றைய பல போன்களில் தமிழ் தெரியவே தெரியாது, கட்டம் கட்டமாக வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் ஊன்றியதில் இந்தக் கட்டணச் சீட்டுக்கும் பங்கு உண்டு.

ஒரு ரூபாய் கட்டுப்படியாகாது என்று இளைஞர்கள் முகம் சுளித்ததும் பேக்குகள் வந்தன. பெட்டிக்கடையில் தோரணம் கட்டித் தொங்கிய அட்டைகளில் டாப்-அப், ரேட் கட்டர் இவற்றோடு 'எஸ்எம்எஸ் பூஸ்டர்' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு தொகைக்கு ரீசார்ஜ் செய்தால் மாதத்துக்கு இத்தனை செய்தி இலவசம். 2009-ல் டாடா டோகோமோ ஒரு படி மேலே போய், தட்டிய எழுத்துகளை எண்ணிக் காசு பிடிக்கும் 'டயட் எஸ்எம்எஸ்' என்ற திட்டத்தையே கொண்டுவந்தது.

எல்லா நாளும் இலவசமாக இருந்த அந்தச் செய்திகளுக்குத் தீபாவளி, புத்தாண்டு நாட்களில் மட்டும் ரூபாய் போகும். அதற்கு 'பிளாக்அவுட் டே' என்று பெயர். புத்தாண்டு நள்ளிரவில் நெட்வொர்க் திணறும் என்பது உண்மைதான். அந்தச் சிறிய வழி நிரம்பினால் கால்களும் இணையாது. ஆனால் அன்று காலை பத்து மணிக்கு அனுப்பிய செய்திக்கும் அதே ரூபாய்தான். வாழ்த்துச் சொல்லாமல் இருக்க முடியாத நாள் எது என்று பார்த்துத்தான் காலண்டரில் வட்டம் போட்டிருந்தார்கள். டிவியில் பாட்டுப் போட்டிக்கு ஓட்டுப் போட அனுப்பிய எஸ்எம்எஸ்ஸுக்கு இதைவிடப் பல மடங்கு. பாதை ஒன்று, பைட் அதே 140. விலையைத் தீர்மானித்தது அனுப்புபவரின் தேவை.

மலிவானதும் வேறு தொல்லை வந்தது. வீட்டு மனை, கடன், எடைக்குறைப்பு என்று விளம்பரங்கள் மொய்த்தன. அதைத் தடுக்க டிராய் 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 செய்திக்கு மேல் கூடாது என்றது. சில வாரங்களில் 200 ஆக்கியது. தனிமனிதர்கள் எழுதிக்கொள்வதற்கு இப்படி எல்லை போடக் கூடாது என்று 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல, டிராய் விலையையே வேலி ஆக்கியது: நாளுக்கு 100-க்கு மேல் போனால் சலுகை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா. அந்த உத்தரவு 2020 வரை நீடித்தது. இன்றும் ரீசார்ஜ் பட்டியலில் 'நாளுக்கு 100 எஸ்எம்எஸ்' என்று பார்க்கிறோமே, அந்த நூறின் பூர்வீகம் இதுதான். நடுவில் 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர்கள் வதந்திக்குப் பயந்து பெங்களூரு முதலான நகரங்களை விட்டுக் கிளம்பியபோது, மத்திய அரசு நாளுக்கு ஐந்து செய்தி என்று குறுக்கியதும் உண்டு.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டியது. காலை வணக்கமும் பொங்கல் வாழ்த்தும் அங்கே குடிபெயர்ந்தன. எஸ்எம்எஸ்ஸின் ஆயுள் முடிந்தது என்றுதான் தோன்றியது. ஆனால் அதற்கு இரண்டாவது வேலை ஏற்கெனவே காத்திருந்தது. இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே விதித்திருந்தது. அந்தச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி வாகாக அமைந்தது. சாதாரண போனிலும் வரும், டேட்டா வேண்டாம். மனிதர்கள் எழுதிக்கொள்வது நின்றது. வங்கியும் கேஸ் ஏஜென்சியும் ரயில்வேயும் எழுதத் தொடங்கின. விலைச் சீட்டு வங்கியின் மேசைக்குப் போனது, வங்கி அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் கணக்கில் கழித்துக்கொண்டது. எத்தனை செய்தி போனதோ அதற்கு மட்டும் வாங்குங்கள் என்று 2013-ல் ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேயும் பழைய கதைதான். உள்நாட்டு நிறுவனத்தின் ஓடிபி சில பைசாவில் போய்ச் சேரும். அனுப்பும் சர்வர் வெளிநாட்டில் இருந்தால் அதே ஆறு இலக்கத்துக்கு ரூபாய்க் கணக்கில் கட்டணம். எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது 2021 மார்ச் 8 அன்று தெரிந்தது. பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத வணிகச் செய்திகளை வடிகட்டும் முறை அன்று அமலுக்கு வந்தது. பதிவு சரியாக இல்லாத நிறுவனங்களின் ஓடிபிகள் நடுவழியில் நின்றன, பணப் பரிமாற்றம் தடுமாறியது. டிராய் உடனே ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தது.

நாம் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. செல்போன் நிறுவனம் மாற விரும்பினால் 'போர்ட்' என்று தட்டி நம்பரோடு 1900-க்கு அனுப்ப வேண்டும். மலிவான சில பேக்குகளில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியையே எடுத்துவிட்டார்கள். விலகிப் போகிறேன் என்று சொல்வதற்கே முதலில் பெரிய ரீசார்ஜ் போட வேண்டிய நிலை. எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900-க்குச் செய்தி போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் இன்னொன்று: டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

புது போனில் யுபிஐ செயலியைப் போடும்போது, அது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கிறது. பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, பேலன்ஸும் இல்லை என்றால் பதிவு அங்கேயே நின்றுவிடும். அதனால் ரீசார்ஜ் செய்யும்போது ஜிபியை மட்டும் பார்க்காமல் எஸ்எம்எஸ் எத்தனை என்ற வரியையும் பாருங்கள். அனுப்பச் செலவு சில பைசாதான். அது இல்லாமல் ஆகாது என்று வரும்போது நம்மிடம் எவ்வளவு கேட்பார்கள் என்பதற்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது.